உரிமைக்கு ஆள் உண்டு. கடனுக்கு ஆள் இல்லையா?

கிராமத்து ஐக்கிய நாணய சங்கமொன்று கடன்பட்டு முறிந்துபோனால், கடன் கொடுத்தவன் அச்சங்கத்தின்மீது வழக்கு வைப்பான். அங்கத்தவர் எவ்வளவுக்குப் பொறுப்பாளிகள் என்பதை நாட்டுச் சட்டமும் சங்க விதிகளும் முன்னரே வரையறுத்திருக்கும். தீர்ப்பு எப்படியாயினும், போய் நிற்பதற்கு ஒரு நீதிமன்றம் உண்டு. ஆனால், உலகத்து அரசுகள் ஒன்றுகூடி ஒரு சபையை அமைத்து, அச்சபை பிறருக்குத் தீங்கு விளைத்துவிட்டால் யாரைக் கேட்பது?

ஐக்கிய நாடுகள் சபை சட்டத்தின் கண்ணில் ஓர் ஆள் என்பது 1949 ஆம் ஆண்டிலேயே முடிந்த முடிபு. அச்சபையின் சமாதானத் தூதுவரான பேர்னடோட் கோமகன் 1948 இல் எருசலேமிற் கொலையுண்டார். அதனால் நேர்ந்த நட்டத்துக்கு ஈடு கோரச் சபைக்கு உரிமை உண்டு எனச் சர்வதேச நீதிமன்றம் கருத்துரைத்தது. கேட்க உரிமையுள்ளவன் கொடுக்கவும் கடமைப்பட்டவன் அன்றோ? இதனை அறியச் சட்டப் புத்தகம் வேண்டியதில்லை.

நடந்தது வேறு. வெள்ளீயத்தின் விலையைத் தாங்கிப்பிடிக்க அரசுகள் கூடி அமைத்த சர்வதேச வெள்ளீயச் சபை, 1985 ஒக்டோபரில் கோடிக்கணக்கான பவுண் கடனோடு லண்டனிற் கைவிரித்தது. கடன் கொடுத்தோர் அங்கத்துவ அரசுகள்மீது வழக்குத் தொடர்ந்தனர். சபை வேறு, அங்கத்தவர் வேறு. சபையின் கடனுக்கு அங்கத்தவர் பொறுப்பாளிகள் அல்லர் என 1989 இற் பிரித்தானியப் பிரபுக்கள் சபை தீர்த்தது. மறு ஆண்டு அரசுகள் சமரசமாக ஒரு பகுதியைக் கொடுத்தன. வாதிகள் வங்கிகளும் உலோக வியாபாரிகளும் ஆதலால், அந்த அளவாவது கிடைத்தது.

ஹெயிட்டி நாட்டு ஏழைக் கமக்காரருக்கு அதுவும் இல்லை. 2010 ஒக்டோபரில், ஆர்ட்டிபொனிற் ஆற்றின் கிளையோரம் இருந்த ஐ.நா. படை முகாமொன்றின் மலக்கழிவு நீரிற் கலந்தது. நேபாளத்திலிருந்து வந்த படையினரோடு வந்த வாந்திபேதிக் கிருமி, அந்த ஆற்று நீரால் நெல் விளைவித்து, அதையே குடித்தும் வாழ்ந்த மக்களிடையே பரவியது. எட்டு இலட்சம் பேரளவில் நோயுற்றனர். ஏறத்தாழப் பதினாயிரம் பேர் மாண்டனர். 2011 இல் ஐயாயிரம் பேர் நட்டஈடு கோரினர். 2013 இற் சபை அக்கோரிக்கையை ஏற்றுக்கொள்ளத்தக்கதன்று எனத் தள்ளியது. நியூயோர்க்கில் வழக்கிட்டனர், சபைக்கு விடுபாட்டுரிமை உண்டென்று 2016 இல் மேன்முறையீட்டு மன்றமும் கதவை அடைத்தது. அவ்வாண்டு டிசெம்பரிற் செயலாளர் நாயகம் பான் கீ மூன் மன்னிப்புக் கேட்டார். நாற்பது கோடி டொலர் திட்டமொன்றும் அறிவிக்கப்பட்டது. அங்கத்துவ நாடுகள் கொடுத்ததோ அதிற் சிறு பகுதியே.

இங்கு ஒன்றை ஊன்றிக் கவனிக்க வேண்டும். விடுபாட்டுரிமையைத் தந்த அதே 1946 ஆம் ஆண்டு உடன்படிக்கையின் 29 ஆம் பிரிவு, தனியாருடன் எழும் பிணக்குகளைத் தீர்க்கத் தக்க வழி ஏற்படுத்த வேண்டுமெனச் சபையைக் கட்டாயப்படுத்துகிறது. ஹெயிட்டியோடு 2004 இற் செய்த ஒப்பந்தமும் கோரிக்கை ஆணைக்குழுவொன்றை அமைக்கச் சொன்னது. அது அமைக்கப்படவேயில்லை. சலுகையை எடுத்துக்கொண்டு நிபந்தனையைக் கைவிடுவது எந்தச் சட்டத்தில் நியாயம்?

சபைமீது வழக்கிட வழியிருந்தால் அதன் பணி முடங்கும். அங்கத்தவரைப் பிடித்தால் சிறு நாடுகள் படை அனுப்பா என்பர். இவ்வாதத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. நேபாளத்து உழவனின் வரிப்பணத்தால் ஹெயிட்டி உழவனுக்கு ஈடு செய்வது நீதியாகாது. முகாமின் நிர்வாகம் சபையின் கையில் இருந்தது. ஆகவே அதிகாரம் எவர் கையில் இருந்ததோ, பொறுப்பும் அவர் தலையிலேயே விழவேண்டும். இந்த அளவுகோலையே ஒல்லாந்து நாட்டு உயர் நீதிமன்றம் கைக்கொண்டது. 1995 இல் ஸ்ரெபிரெனிட்சாவில் ஐ.நா. கொடியின்கீழ் நின்ற ஒல்லாந்துப் படை, தன் முகாமிலிருந்து வெளியேற்றிய மனிதர் கொல்லப்பட்டனர். ஐ.நா.வுக்கு விடுபாடு உண்டென்ற அம்மன்றம், 2013 இலும் 2019 இலும் தன் சொந்த அரசைப் பொறுப்பாக்கியது. 2019 இல் ஏறத்தாழ முந்நூற்றைம்பது பேர் விடயத்தில் விதித்த பொறுப்புப் பத்தில் ஒன்றே. எனினும் நீலக்கொடி முழுத் திரையன்று என்பது நிலைநாட்டப்பட்டது.

சர்வதேசச் சட்ட ஆணைக்குழு 2011 இல் இப்பொருள்பற்றி 67 உறுப்புரைகளை வகுத்தது. அங்கத்துவம் மட்டும் பொறுப்பாகாது. ஆனால் தன் கடமையைத் தட்டிக்கழிக்கச் சபையைக் கருவியாக்கும் அரசும், பொறுப்பேற்பதாகப் பிறரை நம்பவைத்த அரசும் தப்ப முடியாது என்பது அவற்றின் சாரம். அவை இன்னும் உடன்படிக்கையாகவில்லை.

நமக்கு இது தூரத்துச் சங்கதியன்று. 2008 செப்டெம்பரிற் கிளிநொச்சியில், போகவேண்டாம் என்று மக்கள் வாயிலில் நின்று மன்றாட, ஐ.நா.வின் வெளிநாட்டு அலுவலர் வன்னியை விட்டு நீங்கினர். அரசு பாதுகாப்புக்கு உத்தரவாதமில்லை என்றது உண்மை. முதற் பொறுப்பு எங்கேயென்பதை அது மறைக்காது. ஆயினும் 2012 இற் சபையின் உள்ளக விசாரணைக் குழுவே, சபை தன் கடமையில் தவறியதென எழுதிவைத்தது. அந்த ஒப்புதலைக் கையில் ஏந்தி ஒரு தாய் போய் நிற்க எந்த மன்றமும் இல்லை.

ஜெனிவாவை நோக்கி மனு எழுதும் நாம், இதனையும் சேர்த்துக் கேட்கவேண்டும்: 29 ஆம் பிரிவின்படி சுதந்திரமான நிரந்தரக் கோரிக்கை மன்றம் ஒன்று, அதன் தீர்ப்பை நிறைவேற்ற, அங்கத்தவர் விரும்பிக் கொடுக்கும் காணிக்கையாக அல்லாது, கட்டாயச் சந்தாவிலிருந்தே நிதி. மன்னிப்பு நற்பண்பு, நட்டஈடோ கடன். கடனை நற்பண்பால் இறுக்க முடியாது.