கோப்பு மட்டும் போதுமா?

மாணவர்களே, வீட்டுக் கணினியில் உள்ளவற்றைப் பாதுகாக்க வேண்டும் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. எதைப் பாதுகாப்பது என்பதில்தான் கருத்து வேறுபடுகிறது. புகைப்படங்களையும் சில ஆவணங்களையும் ஒரு பென் டிரைவில் போட்டுவிட்டால் கடமை முடிந்தது என்பர் பலர். அது பாதி வேலைகூட அன்று என்பது என் கருத்து. கணினியின் வன்வட்டில், அதாவது ஹார்டு டிஸ்க்கில் உள்ள அனைத்தையும் அப்படியே முழுமையாகப் படியெடுத்து வைத்தல் வேண்டும். இயங்குதளம், மென்பொருள்கள், எழுத்துருக்கள், அமைப்புகள், கோப்புகள் யாவும் அடங்கிய அந்தப் படிக்கு வட்டுப் படிமம் என்று பெயர்.

வெளிமாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது பிறரைவிடக் கூடுதலாகத் தேவைப்படுகிறது. காரணம் சொல்கிறேன். உங்கள் அப்பா பல ஆண்டுகளுக்கு முன் ஊரிலிருந்த தாத்தாவுக்குத் தமிழில் தட்டச்சு செய்த கடிதம் உங்கள் வீட்டுப் பழைய கணினியில் இருக்கக்கூடும். பாட்டி சொல்லச் சொல்ல அம்மா பதிந்து வைத்த சமையற்குறிப்புகளும் இருக்கலாம். இன்று நாம் யூனிகோடு முறையில் தமிழை எழுதுகிறோம். அன்று பலரும் பாமினி போன்ற எழுத்துருக்களையே பயன்படுத்தினர். அவை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டுபவை. ‘அம்மா’ என்று திரையில் தெரிந்தாலும், கோப்புக்குள் இருப்பவை எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து குறிகளே. அந்தக் கோப்பை மட்டும் பெயர்த்தெடுத்து, பாமினி இல்லாத புதிய கணினியில் திறந்து பாருங்கள். தாத்தாவுக்கு எழுதிய கடிதம் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றும். கோப்பு பத்திரமாகத்தான் இருக்கிறது, படிக்கத்தான் இயலவில்லை!

பழைய எழுத்துருவை யூனிகோடாக மாற்றித் தரும் கருவிகள் உள்ளன என்று சிலர் கூறுவர். உண்மைதான். ஆயினும், அது தமிழ் என்பதும் இன்ன எழுத்துரு என்பதும் தெரிந்தவர்க்கே அக்கருவிகள் பயன்படும். இருபது ஆண்டுகள் கழித்து அக்கோப்பைத் திறக்கப்போகும் உங்களுக்கு அது தெரிந்திருக்குமா? வட்டுப் படிமத்திலோ கடிதமும் அதற்குரிய எழுத்துருவும் ஒன்றாகவே இருக்கும்.

இவ்வேலைக்குக் குளோன்சில்லா என்னும் கட்டற்ற மென்பொருள் ஒன்று உண்டு, தைவானில் உருவானது. இலவசமாகக் கிடைக்கும். அதைப் பென் டிரைவில் ஏற்றி, கணினியை அதிலிருந்தே இயக்க வேண்டும். விண்டோஸ் அப்போது உறங்கிக்கொண்டிருக்கும். படியெடுக்கும்போது வட்டில் எதுவும் மாறாது. வட்டில் நிரம்பியுள்ள பகுதிகளை மட்டுமே அது படித்துச் சுருக்கிச் சேமிக்கிறது. ஆதலால் 500 ஜிபி வட்டில் 120 ஜிபி மட்டும் நிரம்பியிருப்பின், படிமத்திற்கு 500 ஜிபி இடம் தேவையில்லை. ஒன்றில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். எந்த வட்டிலிருந்து எந்த வட்டிற்கு என்பதை மாற்றித் தேர்ந்தால் உள்ளதும் அழிந்துபோகும். முதன்முறை பெரியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு செய்வதே நன்று.

“எல்லாம் இணையச் சேமிப்பகத்தில் இருக்கிறதே, சார்!” என்று வகுப்பில் யாரேனும் ஒருவர் சொல்லாமல் இருப்பதில்லை. கூகுள் கணக்கில் இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. மின்னஞ்சலும் படங்களும் அதற்குள்தான் அடங்க வேண்டும். அன்றியும், தானாக ஒத்திசையும் சேமிப்பகத்தில் இங்கே ஒரு படத்தை அழித்தால் அங்கேயும் அது அழியும். அதனை வசதி என்பேன். காப்பு என்று சொல்லமாட்டேன்.

படிமம் எடுத்த வெளிவட்டைக் கணினியிலேயே செருகி வைப்பதும் கூடாது. 2017 மே மாதத்தில் வான்னாக்ரை என்னும் பணயத் தீநிரல் சுமார் 150 நாடுகளில் பரவியது. கணினியோடு இணைந்திருந்த வட்டுகளையும் அது பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. வேலை முடிந்ததும் வெளிவட்டைக் கழற்றிவிடுவதற்குச் செலவேதும் இல்லை.

மீட்டுப் பார்க்காத படிமத்தை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. மூல வட்டைவிடச் சிறியதல்லாத வேறொரு வட்டில் அதை ஏற்றி, கடிதம் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். பயன்பாட்டில் உள்ள வட்டிலேயே இச்சோதனையைச் செய்துவிடாதீர்கள். வேறு வட்டு கிடைக்காவிடில், படிமம் பழுதின்றி உள்ளதா என்று மென்பொருளைக் கொண்டேனும் சரிபார்க்கலாம்.

இவ்வளவும் இப்போது ஏன்? விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. பல வீடுகளில் புதிய கணினி வருகிறது. பழையது விலைக்குப் போகிறது, அல்லது இடமாற்றத்தின்போது கழிக்கப்படுகிறது. எழுத்துருவும் அதனோடு போய்விடும். பழைய கணினியின் படிமம் புதிய கணினியில் அப்படியே இயங்கும் என்று உறுதி கூற இயலாது. எனினும் வேறொரு வட்டில் அதை மீட்டுக் கடிதத்தையும் எழுத்துருவையும் தனியே எடுத்துக்கொள்ள முடியும். பள்ளிக் குறிப்புகளுக்கு இத்தனை பாடு வேண்டா. அவற்றை வாரந்தோறும் படியெடுத்தால் போதும். கணினியை மாற்றும் முன்பும், வீடு மாறும் முன்பும் படிமம் எடுப்பதைத் தவிர்க்கலாகாது.

ஒரே வீட்டில் இரண்டு படிகளை வைப்பதில் பெரும்பயன் இல்லை. தீயோ வெள்ளமோ வந்தால் இரண்டும் போகும். ஆகவே கோடை விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும்போது ஒரு வெளிவட்டைக் கொண்டுசென்று பாட்டி வீட்டு அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு வாருங்கள். குடும்பத்தின் வங்கி விவரங்களும் அதனுள் இருக்கும் என்பதால் கடவுச்சொல்லிட்டுக் காப்பது அவசியம். அக்கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி வேறிடத்தில் வைக்க வேண்டும். எந்தக் கணினி, எந்த நாள் எடுத்தது, எந்த மென்பொருளால் எடுத்தது என்னும் மூன்றையும் தமிழில் எழுதி வட்டின் மேல் ஒட்டிவிடுங்கள்.