பெரியவர் கைத் தராசு

அரபு மொழியில் ‘தஃபீஃப்’ என்றால் அற்பமானது, மிகச் சிறிது என்று பொருள். அளவையில் குறைப்பவனை ‘முதஃப்ஃபிஃப்’ என்பதும் அவ்வேரிலிருந்து பிறந்ததே. ஒரு படியில் அவன் குறைப்பது ஒரு பிடி தானியந்தான். ஆயினும் அந்த அற்பத்தை அல்லாஹ் அற்பமாகக் கருதவில்லை. திருமறையின் 83ஆம் அத்தியாயம் அவன் பெயரையே தாங்கி நிற்கிறது.

இக்கட்டளை கடைத்தெருவுக்கு உரியது, அரசுகளுக்கு உரியதன்று என்று நம்மில் சிலர் எண்ணுகின்றனர். இலங்கை வணிகம் பற்றிப் பேச்செழுந்தால், “இத்துணைப் பெரிய நாடு அச்சிறு தீவுக்குச் சலுகை அளித்திருக்கிறதே, இன்னும் என்ன முறையீடு?” என்று கேட்கின்றனர். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் அதிராம்பட்டினத்திலும் கொழும்புச் சபரில் எழுந்த வீடுகள் எத்தனை! அவ்வீட்டுப் பிள்ளைகளே இவ்வாறு கேட்பதுதான் வியப்பு.

சலுகை உண்டு, மறுப்பது நேர்மையன்று. 1998 டிசம்பரில் கையெழுத்தாகி, 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தின்படி, விலக்கிவைத்த பொருள்கள் நீங்கலாக ஏனையவற்றின் சுங்கத்தை இந்தியா 3 ஆண்டுகளில் நீக்க வேண்டும். இலங்கைக்கு 8 ஆண்டுகள் தவணை. அதன்பின் இலங்கைச் சரக்கு இங்கு மிகுதியாக வந்ததும் உண்மையே.

ஆனால், கதவைத் திறந்தவர்கள் வாயிலைக் குறுக்கினார்கள். இலங்கை உலகுக்கு விற்பனவற்றுள் தலையாயவை ஆயத்த ஆடையும் தேயிலையும். அவ்விரண்டுக்குமே வரம்பு கட்டினர். சலுகைச் சுங்கத்தில் தேயிலை ஆண்டுக்கு 1.5 கோடி கிலோ. ஆடை 80 லட்சம் உருப்படிகள். அவற்றுள்ளும் 60 லட்சம் இந்தியத் துணியில் தைத்தவையாக இருக்க வேண்டும். குறித்த சில துறைமுகங்கள் வழியாகவே வரவேண்டும். இவை தொடக்க விதிகள். பின்னர் சில தளர்ந்தன. இந்தியாவின் தேயிலை விளைச்சலோ ஆண்டுக்கு 130 கோடி கிலோவுக்கு மேல்! அனுமதித்த அளவு அதில் நூற்றில் ஒன்றைச் சற்றே தாண்டும். நீலகிரிச் சிறு விவசாயியின் அச்சத்தை நான் எள்ளவில்லை. அவருக்குக் கட்டுப்படியாகும் விலை கிடைக்கச் செய்வது நம் அரசின் கடமை. அக்கடமையை அண்டை நாட்டின் தலையில் ஏற்றுவது எவ்வகை நீதி?

“வனஸ்பதியில் அவர்கள் செய்தது என்ன?” என்பாருளர். கேட்க வேண்டிய கேள்விதான். பாமாயிலுக்கு இங்குச் சுங்கம் மிகுதி, அங்குக் குறைவு. எனவே அதனை அங்கு இறக்கி, வனஸ்பதியாக்கிச் சுங்கமின்றி இங்கு அனுப்பினார்கள். அவ்வாலைகளை நிறுவியவர்களுள் நம் நாட்டு முதலாளிகளே முன்னின்றனர். முடிவில் 2006இல் வரம்பு வந்தது, ஆலைகள் மூடின. ஆதாயம் தேடியவர்கள் திரும்பிவிட்டனர், வேலை இழந்தவர் அத்தீவின் தொழிலாளி, பழி அத்தீவுக்கு!

சேவைத் துறையின் கதையும் இதனோடு பிணைந்ததே. அதனையும் சேர்த்து விரிந்த ஒப்பந்தம் காண 2005இல் பேச்சுத் தொடங்கிற்று. 2008இல் கையெழுத்தாகும் என்றனர், ஆகவில்லை. இந்தியர் திரண்டு வந்து தம் தொழிலைக் கொள்வர் என்று அந்நாட்டு மருத்துவரும் பொறியாளரும் எதிர்த்தனர். 2016இல் வேறு பெயரில் தொடங்கிய பேச்சும் ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. அவ்வச்சம் மிகையாக இருக்கலாம். காரணமற்றது என்று தள்ளலாகாது. சரக்கில் கண்ட அளவையைக் கொண்டுதானே சேவையின் அளவையை மதிப்பிடுவர்? அற்பத்தைப் பிடித்துக்கொண்டவர் இழந்தது நம்பிக்கையை.

2022இல் இலங்கை நொடித்தபோது, கடனாகவும் உதவியாகவும் ஏறத்தாழ 400 கோடி டாலர் அளவுக்கு இந்தியா கைகொடுத்தது. பாராட்டுவோம். ஆனால் ஸதகா வேறு, மீஸான் வேறு. நேற்றுத் தர்மம் செய்தவருக்கு இன்று குறைத்து நிறுக்கும் உரிமை வந்துவிடாது.

நிறுப்பவரிடம் தட்டுச் சற்றுத் தாழ நிறுக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். சமமாக நிறுப்பது நீதி. தாழ நிறுப்பது பெருந்தன்மை. தேயிலைக்கும் ஆடைக்கும் உள்ள வரம்பை அகற்றட்டும். அங்குச் சோதித்துத் தரும் தரச்சான்றை இங்கு ஏற்கட்டும். அதன் பின்னர் சேவைக் கதவைத் தட்டினால் அதற்கொரு தகுதி உண்டு. கடல் கடந்து வாணிபம் செய்த நம் முன்னோர், நாணயத்தையே முதலாக வைத்து அங்குக் கடை திறந்தனர். அவர்தம் வழிவந்த நாம், பெரியவர் கைத் தராசு என்பதற்காக அதன் கோணலைக் காணாதிருக்கலாமா?