தருமனின் நாயும் சார்லியும்

நாயைப் பற்றிய படமென்றால் அது சிறுவர் படமே என்று பலர் எண்ணிவிடுகின்றனர். விடுமுறைக்கு முன் ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளுக்கு '777 சார்லி'யைக் காட்டலாமா என்று எழுவைதீவில் கற்பிக்கும் நண்பரொருவர் அண்மையில் என்னைக் கேட்டார். திரையரங்கு இல்லாத சிறுதீவு அது. கடல் கடந்து ஊர்காவற்றுறையை அடைந்து, அங்கிருந்து யாழ்ப்பாணம் சென்றாலன்றிக் கொட்டகையைக் காண்பதற்கில்லை. ஆகவே பள்ளியிற் காட்டும் படம் அப்பிள்ளைகளுக்கு ஒரு திருவிழா. கேள்வியை எளிதிலே தள்ளிவிட என்னால் முடியவில்லை.

கிரண்ராஜ் இயக்கி ரக்ஷித் செட்டி நடித்த அக்கன்னடப் படம் 2022 யூன் மாதத்தில் தமிழிலும் வெளிவந்தது. சிறந்த கன்னடப் படமென இந்திய தேசிய விருதும் பெற்றது. உற்றார் எவருமின்றி வாழும் தருமா என்னும் இளைஞனை, குட்டி விற்போனின் கொடுமைக்குத் தப்பிய பெண்நாயொன்று வந்தடைகின்றது. வெறுத்து விரட்டியவனே பின்னர் அதற்குத் தந்தைபோல் ஆகின்றான். அதனைத் தீராப் புற்றுநோய் பற்றியதென அறிந்ததும், பனியைக் காட்டுவதற்காக இமயம்வரை அழைத்துச் செல்கின்றான். அங்கே அது இறக்கின்றது.

தருமா, நாய், இமயம்! பாரதம் கற்றவர்க்கு இச்சேர்க்கை தற்செயலாகத் தோன்றாது. மகாப்பிரஸ்தானத்திலே திரௌபதியும் தம்பியர் நால்வரும் ஒவ்வொருவராக வீழ, இறுதிவரை தருமனைத் தொடர்ந்தது ஒரு நாய். அதனைக் கைவிட்டுச் சுவர்க்கம் புக அவன் மறுத்தான். (வில்லிபுத்தூரார் போரோடு நூலை நிறுத்திவிட்டமையால் நம் மாணவர் இக்கதையை அவரிடம் பெறுவதற்கில்லை, எனக்கு இது நெடுநாளைய குறை.) ஆச்சிமார் இதனை ஐந்து வயதுப் பிள்ளைக்கும் சொன்னார்கள். ஐவர் மாண்டும் பிள்ளை கலங்கவில்லை, நாய் வீழவில்லையன்றோ! அது தருமதேவதையே என்று அறிந்ததும் பிள்ளையின் மனம் ஆறிவிடும். கண் கலங்கினாலும் ஆச்சி கதையை நிறுத்தி மடியில் எடுத்துக்கொள்வாள்.

படமோ இதனைத் தலைகீழாக்கியிருக்கின்றது. தருமா எஞ்சுகின்றான், நாய் வீழ்கின்றது. முதிர்ந்தோர்க்கு இம்மாற்றம் உயர்ந்ததென்பதை மறுக்கமாட்டேன். இறப்பைக் காட்டுவதே குற்றமென்பாரோடும் நான் சேரேன். கடலை அறிந்த தீவுப் பிள்ளைகள் இறப்பை அறியாதவரல்லர். என் தடை வேறு. நோய் தெரிந்த கணத்திலிருந்து முடிவுவரை சாவை எதிர்பார்த்தபடியே பிள்ளை அமர்ந்திருக்க வேண்டும்; அதுவும் இரண்டரை மணிக்கு மேல் ஓடும் படத்தில். இறுதியிற் சார்லியின் குட்டியொன்று எஞ்சுகின்றதே என்பர். ஒன்று போக இன்னொன்று என்பது நம் கணக்கு. ஆறு வயதுப் பிள்ளைக்குச் சார்லிக்கு ஈடு சார்லியே.

இந்தியத் தணிக்கையினர் பெற்றோர் துணையோடு பார்க்கத்தக்க படங்களை 2024 முதல் 7, 13, 16 என வயதால் வகுத்துள்ளனர். இது அதற்கு முன் வந்த படம். வயதை நாமே தீர்மானிக்க வேண்டியுள்ளது.

ஆறாம் வகுப்புக்கு மேற்பட்டோர் இதனைக் கட்டாயம் பார்க்கவேண்டும். சார்லியின் நோய்க்குக் காரணம் ஊழன்று. விற்றுப் பொருளீட்டும் ஆசையால் நெருங்கிய இரத்த உறவுள்ள நாய்களையே இணைத்துக் குட்டி பெறுவித்தமை. அதைக் கண்டு கொதிக்கும் மாணவன் நம்மூர் வழக்கத்தையும் எண்ணட்டும். பெட்டைக்குட்டி என்பதற்காகவே சாக்கிற் கட்டிச் சந்தையடியிலோ கடற்கரையிலோ விட்டுவருவோர் இன்னும் உளர். சார்லியும் பெட்டைதான்.

சிறுவகுப்பினர்க்கு அதே ஆண்டு ஏப்ரலில் வந்த 'ஓ மை டோக்' என்னும் தமிழ்ப்படம் போதுமென்று நண்பருக்கு எழுதினேன். பார்வையற்ற குட்டியொன்றைச் சிறுவன் காக்கின்றான், குட்டி பிழைக்கின்றது. போட்டியில் வென்றாற்றான் அதற்கு மதிப்பு என்பதுபோலக் கதை செல்வது எனக்கு உவப்பன்று. ஆயினும் அச்சிறுவர் நிம்மதியாக உறங்குவர். சார்லியை மேல்வகுப்புக்குக் காட்டும் நாளில், படம் முடிந்தவுடன் மணியடித்துப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடாமல் அரைமணி நேரம் ஒதுக்குமாறும் கேட்டிருக்கின்றேன். சாக்கிற் கட்டிய குட்டிகளைப் பற்றி அவ்வேளையிற் பேசலாம்.