எலுமிச்சையில் பிசின் வடிவது கொழுப்பா, நோயா?

கேள்வி: ‘‘எங்களுக்கு முக்கால் ஏக்கரில் நாட்டு எலுமிச்சை இருக்கிறது. 8 வயது மரங்கள். போன மழைக்குப் பிறகு 15 மரங்களில் அடித்தண்டுப் பட்டை வெடித்து, பிசின் வடிகிறது. ‘மரம் கொழுத்தால் பிசின் வடியும், பயப்படாதே’ என்கிறார் பக்கத்துத் தோட்டத்து அண்ணாச்சி. சுரண்டிக் கொடுத்தால் மருந்துக்கு எடுத்துக்கொள்வதாக ஒரு வியாபாரி சொல்கிறார். இப்போது 2 மரங்களில் இலை மஞ்சளாகிவிட்டது. மகளின் படிப்புச் செலவுக்கு இந்த மரங்களைத்தான் நம்பியிருக்கிறோம். என்ன செய்வது?’’
- ஒரு வாசகி, புளியங்குடி.

பதில்: சகோதரி, இது கொழுப்பு இல்லை, காயம். நம் உடம்பில் அடிபட்ட இடத்தில் நீர் கோக்கிறது, சீழ் வைக்கிறது. அதைப் பார்த்துத்தான் உள்ளே என்ன நடக்கிறது என்று டாக்டர் கணிக்கிறார். மரத்துக்குப் பிசினும் அப்படித்தான். பிசின் நோயல்ல, நோய்க்கு மரம் காட்டும் அடையாளம்.

அடித்தண்டில், அதுவும் மழைக்குப் பிறகு வடிகிறது என்றால், பெரும்பாலும் ‘பைட்டோப்தோரா’ என்ற கிருமிதான் காரணம். அந்தப் பெயருக்கே ‘செடியை அழிப்பது’ என்று பொருள். 1830-களில் போர்ச்சுகலுக்குச் சொந்தமான அசோர்ஸ் தீவுகளில் ஆரஞ்சுத் தோட்டங்களை இந்நோய் காலி செய்தது. அதன் பிறகுதான் நோய் தாங்கும் வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டும் பழக்கம் பரவியது.

இந்தக் கிருமியின் வித்துகள் தண்ணீரில் நீந்தக்கூடியவை. தண்டைச் சுற்றித் தண்ணீர் தேங்கினால், பட்டையில் இருக்கும் சின்ன வெடிப்பு, மண்வெட்டி பட்ட காயம் வழியாக உள்ளே போய்விடும். பட்டை அழுகி, அந்த அழுகல் தண்டை வளையமாகச் சுற்றிவிட்டால், இலையில் தயாரான உணவு வேருக்கு இறங்காது. வேர் பட்டினி கிடக்கும், இலை மஞ்சளாகும், மரம் காயும். உங்கள் 2 மரங்கள் அந்த நிலையை நெருங்கியிருக்கலாம்.

இன்னொரு விஷயம். எலுமிச்சைப் பிசின் தண்ணீரில் கரையும். நல்ல மழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும். ‘பிசின் நின்றுவிட்டது, நோய் போய்விட்டது’ என்று பலர் ஏமாறுவது இதனால்தான். பிசினைப் பார்க்காதீர்கள், பட்டையைப் பாருங்கள். கத்தியால் லேசாகச் சீவினால் உள்ளே பழுப்பு நிறத்தில் ஈரமாக இருக்கிறதா? அதுதான் நோய் இருக்கும் இடம்.

செய்ய வேண்டியது இதுதான்.

1. அழுகிய பட்டையை, பச்சையான நல்ல பட்டை தெரியும் வரை சீவி எடுங்கள். சீவியதைத் தோட்டத்தில் போடாமல் எரித்துவிடுங்கள். ஒரு மரம் முடிந்ததும் கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போங்கள்.

2. போர்டோ பசை பூசுங்கள். மயில்துத்தம் 100 கிராமை அரை லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். சுட்ட சுண்ணாம்பு 100 கிராமை இன்னொரு அரை லிட்டரில் நீர்த்து ஆறவிடுங்கள். பிறகு துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்குங்கள். பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரம்தான் வேண்டும். இரும்பு ஆகாது. சுத்தமான இரும்புக் கத்தியை அதில் ஒரு நிமிடம் வைத்து எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் கொஞ்சம் சேருங்கள். தயாரித்த அன்றே பூசிவிட வேண்டும். கையுறை அவசியம். சீவிய இடத்துக்கு மட்டுமல்ல, நோயில்லாத மரங்களுக்கும் தரையிலிருந்து இரண்டரை அடி உயரம் வரை பூசுங்கள். புரட்டாசியில் மழைக்கு முன் ஒருமுறை, தை மாதத்தில் மறுமுறை.

3. பாத்தியை மாற்றுங்கள். தண்டிலிருந்து ஒன்றரை அடி தள்ளி ஒரு வட்ட வரப்பு, அதற்கு வெளியே இன்னொரு வரப்பு. இரண்டுக்கும் நடுவில் மட்டும் தண்ணீர் பாயட்டும். சொட்டுநீர் என்றால் சொட்டுவானைத் தள்ளி வையுங்கள். தண்டை ஒட்டி மண் அணைப்பது, மூடாக்கு குவிப்பது இரண்டும் வேண்டாம்.

இந்த மூன்றாவதைச் செய்யாமல் முதல் இரண்டை மட்டும் செய்தால், அடுத்த மழைக்கு நோய் திரும்பி வரும். மஞ்சளான மரங்களில் தண்டின் சுற்றளவில் பாதிக்கு மேல் அழுகியிருந்தால் அவற்றுக்குச் செலவு செய்யாதீர்கள். வேரோடு எடுத்துவிட்டு மற்றவற்றைக் காப்பாற்றுங்கள். பாதிக்குக் கீழே இருந்தால் தோட்டக்கலை அலுவலரை நேரில் வரச் சொல்லிக் காட்டி, மருந்து ஊற்றுவது பற்றி முடிவு செய்யுங்கள்.

இனி வியாபாரி விஷயம். பிசின் மருந்துக்குப் பயன்படுவது உண்மைதான். சூடான் நாட்டு வேல மரப் பிசின், மாத்திரையின் தூளை ஒட்டவைக்கவும், மருந்துத் திரவத்தில் எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் இருக்கவும் உலகம் முழுக்கப் போகிறது. ஆனால், அது அதற்கென்றே வளர்க்கும் மரம். அழுகிய பட்டையிலிருந்து வடிந்த எலுமிச்சைப் பிசினை யாருக்கும் மருந்தாகக் கொடுக்காதீர்கள்.

காசுக்காகப் பட்டையைக் கீறிப் பிசின் எடுக்கவும் நினைக்காதீர்கள். வாழைக்காயைப் பழுக்க வைக்கும் எத்திலீன் வாயு, காயம்பட்ட மரத்துக்குள்ளும் உண்டாகிறது. எலுமிச்சை இனத்தில் பிசின் சுரக்கும் குழாய்களை அது உருவாக்குவதை 1985-இல் இஸ்ரேல் விஞ்ஞானிகள் எழுதினார்கள். ஜோத்பூரில் உள்ள மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிறுவனம், எத்திலீனை வெளியிடும் எத்திபான் மருந்தை அளவோடு செலுத்தி வேல மரத்தில் பிசின் எடுக்கும் முறையைக் கொண்டு வந்திருக்கிறது. அங்கேயும் அளவுதான் முக்கியம். ராஜஸ்தான், குஜராத் பக்கம் குக்குலு மரத்தை இஷ்டத்துக்குக் கீறிப் பிசின் எடுத்ததில், அந்த மரம் இன்று அழிவின் விளிம்பில் இருக்கிறது. பிசின் வடிக்க மரம் தன் உணவைச் செலவழிக்கிறது. அந்த உணவு உங்களுக்குக் காயாக வரவேண்டியது.

அண்ணாச்சியின் தோட்டம் பக்கத்திலேயே இருக்கிறது என்கிறீர்கள். பாசனத் தண்ணீரோடு கிருமியும் வரப்பு தாண்டும். பசை கலக்கும் அன்று அவரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். அவர் மரங்களுக்கும் சேர்த்தே பூசிவிடுவது இருவருக்கும் நல்லது.