ஓபி வரிசையில் எவ்வளவு நேரம்? ஒரு வகுத்தல் கணக்கு

1/ "ஜிஎச்ல டாக்டருங்க மெதுவா பார்ப்பாங்க, அதான் இவ்வளவு கூட்டம்." கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. அரசு டாக்டரா இதுக்குக் கணக்குலயே பதில் சொல்றேன். அஞ்சாம் வகுப்புக் கணக்குதான், பயப்படாதீங்க.

2/ ஜான் லிட்டில் 1961-ல் நிரூபிச்ச விதி: உள்ளே சராசரியா இருக்கிற ஆட்களை, மணிக்கு வர்ற ஆட்களால வகுத்தா, ஒருத்தர் சராசரியா உள்ளே இருக்கும் நேரம் வரும். காலை முழுக்க ஹால்ல சராசரி 80 பேர், மணிக்கு 40 பேர் வராங்கன்னா, ஆளுக்கு 2 மணி நேரம்.

3/ இப்போ நீங்க வரிசையில நிக்கிறீங்க. முன்னாடி 90 பேர். டாக்டர் 2 பேர். ஆளுக்கு 3 நிமிஷம். 90 × 3 ÷ 2 = 135. ரெண்டே கால் மணி நேரம்.

4/ அதுல ஒரு டாக்டரை முகாமுக்கோ, விஐபி டூட்டிக்கோ, கோர்ட்டுக்கு சாட்சி சொல்லவோ அனுப்பிட்டா? 270 நிமிஷம். நாலரை மணி நேரம்! மிச்சம் இருக்கிற டாக்டர் அதே வேகத்துலதான் பார்க்கிறார். இன்னொரு நாற்காலி காலி, அவ்வளவுதான்.

5/ "அப்போ சீக்கிரம் பாருங்க!" சரி. 8 மணியிலிருந்து 12 வரை 240 நிமிஷம். ஒரே டாக்டருக்கு 200 பேர்னா ஆளுக்கு 72 வினாடி. நெஞ்சு வலி வாயுவா, மாரடைப்பான்னு 72 வினாடியில முடிவு பண்ணணுமா? உங்க அப்பாவுக்கு அப்படிப் பார்க்கலாமா?

6/ நிர்வாகம் என்ன செய்யுது? டோக்கன் மெஷின், டிவி, கூடுதல் பெஞ்ச். டோக்கன் சண்டையைக் குறைக்கும். 135 நிமிஷத்துல ஒரு நிமிஷத்தைக்கூடக் குறைக்காது.

7/ உண்மையில குறைக்க ரெண்டு வழி. ஒண்ணு, வரிசைக்கு வர்றவங்களைக் குறைக்கணும். 2021-ல் தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் பிபி, சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டு போறது அதுக்குத்தான் உதவுது. இன்னொண்ணு, மூணாவது டாக்டர். 135 நிமிஷம் 90 ஆகும்.

8/ அதுவரைக்கும் ஒரு கரும்பலகையாவது வைங்க: "இப்போ வந்தா சுமார் 2 மணி நேரம் ஆகும்." சுகர் டெஸ்டுக்கு வெறும் வயித்தோட வந்த அம்மாவும், அரை நாள் கூலியை விட்டுட்டு வந்த அண்ணனும் அதைப் பார்த்து ஒரு முடிவு எடுப்பாங்க. சாக்பீஸ் செலவுதான்.

9/ அடுத்த தடவை கோபம் வந்தா, தாராளமா கோபப்படுங்க. ஆனா கேள்வியை மாத்திக் கேளுங்க: "இந்த ஓபிக்கு எத்தனை டாக்டர் போஸ்ட்? இன்னைக்கு எத்தனை பேர் உட்கார்ந்திருக்காங்க?"