குப்பைக் கூடையும் ஈமானின் கிளையும்

 

ஈமானுக்கு எழுபதுக்கும் மேற்பட்ட கிளைகள் உண்டென்றும், அவற்றுள் மேலானது திருக்கலிமாவை மொழிதல் என்றும், கடைசியானது பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுதல் என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியிருக்கிறார்கள். முஸ்லிம் கிரந்தத்தில் பதிவாகியுள்ள இந்த ஹதீஸை மதரஸாவில் ஓதும் சிறார்களும் அறிவார்கள். பிறர் போட்ட முள்ளையும் கல்லையும் அகற்றுவதே ஈமானின் கிளையாகும்போது, நாமே கொண்டுபோய்த் தெருமுனையில் கொட்டும் தொல்லைக்கு என்ன பெயரிடுவது? இந்த மாதம் இதுபற்றிச் சற்றே சிந்திப்போம்.

நம் இல்லங்களின் உட்புறத் தூய்மைக்குக் குறைவில்லை. தொழும் இடம், ஒளுச் செய்யும் இடம், சமையற்கட்டு எங்கும் நஜீஸ் பட்டுவிடலாகாதே என்று பேணுதலோடு இருக்கிறோம். அந்தப் பேணுதல் வாசற்படியோடு நின்றுவிடுவதுதான் வேதனை. பையை முடிந்து வெளியே எறிந்த மறுகணமே அது நம் பொறுப்பன்று என்று எண்ணிவிடுகிறோம். அடுத்த வீட்டுச் சுவரோரம் அது நாறிக் கிடப்பதை மறந்துவிடுகிறோம். அண்டை வீட்டாரின் உரிமையை இஸ்லாம் எவ்வளவு வலியுறுத்துகிறது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பையின் பயணம்

மீன் செதிலும், வெங்காயத் தோலும், செய்தித்தாளும், பால் உறையும், உடைந்த கண்ணாடியும் ஒரே பையில் போகின்றன. சில மணி நேரத்தில் காகிதம் நனைந்து மதிப்பிழக்கிறது. பிளாஸ்டிக்கில் அழுக்கு ஒட்டிக்கொள்கிறது. உரமாகியிருக்க வேண்டிய காய்கறிக் கழிவில் கண்ணாடித் துண்டு கலக்கிறது. தனித்தனியே இருந்தால் பயன்படக்கூடியவை, கலந்ததால் எதற்கும் உதவாதவை ஆகிவிடுகின்றன. எல்லாம் ஊருக்கு வெளியே மலையாய்க் குவிகிறது.

காற்றுப் புகாத அந்த மலைக்குள் ஈரக்கழிவு அழுகி, எளிதில் தீப்பற்றும் மீத்தேன் வாயு உண்டாகிறது. 2022 ஏப்ரலில் சென்னைப் பெருங்குடியிலும், 2024 ஏப்ரலில் கோவை வெள்ளலூரிலும் குப்பைக் கிடங்குகள் நாட்கணக்கில் எரிந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அந்தப் புகையை மூச்சில் வாங்கியவர்கள், குப்பையைப் போட்டவர்கள் அல்லர். கிடங்குக்கு அருகே குடியிருக்க நேர்ந்த எளியவர்கள்.

இன்னொருவரையும் எண்ணிப் பாருங்கள். நம் பையைக் கையால் பிரிப்பவர் தூய்மைப் பணியாளர். அவரும் ஒரு குடும்பத்தின் தாயோ, தந்தையோ ஆவார். நாம் அலட்சியமாய்ப் போட்ட பிளேடும், சர்க்கரை நோயாளிக்குப் போட்ட இன்சுலின் ஊசியும் அவர் விரலைக் கிழிக்கின்றன. யாருடைய வீட்டு ஊசி என்று அவர் அறியமாட்டார். நாமும் அறியமாட்டோம். அறிபவன் ஒருவன் இருக்கிறான் என்பதல்லவா நம் நம்பிக்கை?

எப்படிப் பிரிப்பது?

2000ஆம் ஆண்டில் வந்த நகராட்சித் திடக்கழிவு விதிகளுக்குப் பதிலாக 2016 ஏப்ரலில் புதிய விதிகள் வெளியாயின. கழிவை வீட்டிலேயே பிரித்துத் தருவதை அவை இல்லத்தாரின் கடமையாக்கின. தெருவிலும் சாக்கடையிலும் கொட்டுவதையும், பொதுவிடத்தில் எரிப்பதையும் தடுத்தன. இதற்குப் பெருஞ்செலவு ஏதுமில்லை. பச்சைக் கூடை ஒன்று, நீலக் கூடை ஒன்று, சிறு பெட்டி ஒன்று போதும்.

பச்சைக் கூடையில் மக்குபவை: காய்கறித் தோல், தேயிலைச் சக்கை, சோறு, முட்டை ஓடு, இறைச்சி, மீன் கழிவு. இதைப் பிளாஸ்டிக் பையில் முடிந்து தராதீர்கள். கூடையோடு வண்டியில் கவிழ்த்து, கழுவி வையுங்கள்.

நீலக் கூடையில் மக்காதவையும் காகிதமும்: பாட்டில், தகரம், அட்டை, உறைகள். இவை உலர்ந்திருக்க வேண்டும். பால் உறையின் முனையைத் தனியே கத்தரித்து எறியாமல், ஒட்டியபடியே இருக்குமாறு வெட்டுங்கள். அந்தச் சிறு துணுக்குகளை எவராலும் பொறுக்கியெடுக்க முடியாது. உறையை அலசிக் காயவைத்தால் அது மறுசுழற்சிக்கு ஏற்றதாகும்.

சிறு பெட்டியில் ஆபத்தானவை: பேட்டரி, குழல் விளக்கு, காலாவதியான மருந்து, பூச்சிக்கொல்லிப் புட்டி. ஊசிகளைக் கெட்டியான பாட்டிலில் இட்டு மூடிவிடுங்கள். உடைந்த கண்ணாடியைச் செய்தித்தாளில் பலமுறை சுற்றி, மேலே எழுதிக் கொடுங்கள். குழந்தைகளின் டயாபரையும், மகளிர் பயன்படுத்தும் நாப்கினையும் காகிதத்தில் பொதிந்து, அடையாளமிட்டு, தனியே தாருங்கள். கூச்சத்தால் மற்றக் குப்பையோடு மறைத்துப் போடுவது, பிரிப்பவரின் கைக்கு நாம் இழைக்கும் அநீதி.

கொல்லையோ மாடியோ உள்ளவர்கள், துளையிட்ட மண்பானையில் காய்கறிக் கழிவையும் காய்ந்த இலையையும் மாறி மாறி இட்டு, அவ்வப்போது கிளறிவிட்டால் இரண்டு, மூன்று மாதங்களில் நல்ல உரம் கிடைக்கும். இறைச்சியும் மீனும் இதில் வேண்டா. வாடை வரும், பூச்சி சேரும்.

நம்மவர் கண்ட வணிகம்

பழைய இரும்பும் காகிதமும் வாங்கும் கடையைத் தமிழகம் முழுவதும் ‘காயலான் கடை’ என்கிறார்கள். காயல்பட்டினத்து வணிகர்களால் வந்த பெயர் இது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. எவரும் வேண்டாமென்று கழித்ததில் பயன் இருக்கிறது என்று கண்டு, அதை ஹலாலான பிழைப்பாக்கிக்கொண்ட உழைப்பு அதில் இருக்கிறது. பழைய அலுமினியத்தை உருக்கிப் புதிதாக்குவதற்கு, மண்ணிலிருந்து எடுத்து உருவாக்குவதற்கு ஆகும் மின்சக்தியில் ஏறத்தாழ 5 சதவிகிதமே போதும். அந்தக் கடையை இழிவாகப் பேசும் நாம், வீண்விரயத்தை அல்லாஹ் விரும்புவதில்லை என்ற திருமறையின் போதனையை அந்த வணிகர் அன்றாடம் செயற்படுத்துகிறார் என்பதை உணர்வதில்லை.

நம் விசேஷ நாட்கள்

முன்பெல்லாம் நோன்புக் கஞ்சி வாங்கப் பிள்ளைகள் தூக்குச்சட்டியோடு பள்ளிவாசலுக்குப் போவார்கள். இடையில் கொதிக்கும் கஞ்சியைப் பிளாஸ்டிக் பையில் வாங்கும் வழக்கம் நுழைந்தது. 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து தமிழகத்தில் இத்தகைய பைகளுக்குத் தடை வந்தது. தடைக்கு அஞ்சியன்று, நம் உடல் நலத்துக்காகவே தூக்குச்சட்டிக்குத் திரும்புவோம்.

வலீமா விருந்தைப் பாருங்கள். நால்வர் ஒரே சஹனில் அமர்ந்து உண்டபோது மிச்சமும் குறைவு, குப்பையும் குறைவு. இன்றோ ஆளுக்கொரு தண்ணீர்ப் பாட்டில் பாதி குடித்தபடி கிடக்கிறது. தட்டில் மீதி வையாமல் உண்பதும், கீழே விழுந்த கவளத்தைத் துடைத்து உண்பதும் நாயகத்தின் வழிமுறை. 100 பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சியை உரிமம் பெறாத இடத்தில் நடத்தினால், மூன்று வேலை நாட்களுக்கு முன்பே உள்ளாட்சி மன்றத்துக்கு அறிவித்து, கழிவைப் பிரித்துத் தரவேண்டும் என்று 2016ஆம் ஆண்டு விதிகள் கூறின. மண்டபம் பேசும்போதே இதையும் பேசிவிடுவது நல்லது.

குர்பானி நாட்களில் கூடுதல் கவனம் தேவை. இறைவனுக்காகச் செய்யும் வணக்கத்தின் எச்சம் பிற சமயத்து அண்டை வீட்டார் முகம் சுளிக்கும்படி தெருவில் கிடக்கலாமா? குடலையும் எலும்பையும் நாய் தோண்டாத ஆழத்தில் சொந்த நிலத்தில் புதையுங்கள்; இடமில்லாதவர்கள் ஜமாஅத் வாயிலாக நகராட்சி வண்டிக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள்.

எழுத்துக்குரிய கண்ணியம்

திருமண அழைப்பிதழ், நாட்காட்டி, ஏன் இந்தப் பத்திரிகை கூட, அல்லாஹ்வின் திருநாமத்தைத் தாங்கி வருகிறது. இவற்றை எந்தக் கூடையிலும் போடலாகாது. வீட்டில் ஒரு துணிப்பையை இதற்கென மாட்டி வையுங்கள். தூய்மையான இடத்தில் புதைத்துவிடலாம். கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்கள் திருக்குர்ஆனைப் படியெடுக்கச் செய்தபின் ஏனைய ஏடுகளை எரித்துவிடப் பணித்தார்கள் என்பது வரலாறு. ஆதலால் எரிக்கும் முறையையும் உங்கள் இமாமிடம் கேட்டறியலாம். பள்ளிவாசலில் இதற்கென ஒரு பெட்டி வைத்தால் மஹல்லா முழுவதற்கும் உதவும்.

சகோதரிகளே! இதைப் பெண்களின் வேலை என்று ஆடவர் ஒதுங்குவதற்கில்லை. வீட்டு வேலைகளில் தம் துணைவியருக்கு உதவியவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். கூடையை வண்டிக்குக் கொண்டுசெல்வதை மகனுக்கும் கணவருக்கும் பங்கிட்டுக் கொடுங்கள். நாளைக் காலை வண்டியின் மணியோசை கேட்கும்போது, அந்தப் பணியாளருக்கு ஓர் இன்சொல்லும், வெயில் நாளாயின் ஒரு குவளைத் தண்ணீரும் கொடுங்கள். அவை ஸதகாவாகும்.

அகத்தையும் புறத்தையும் ஒருசேரத் தூய்மையாக வைத்திருக்கும் நன்மக்களாக வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.