முதல் செயலிக்கு எந்தக் கருவித்தொகுப்பு?

மேசைக் கணிப்பொறியில் இயங்கும் செயலியொன்றை முதன்முதலாக எழுத விழையும் மாணவர் எந்தக் கருவித்தொகுப்பைக் கையில் எடுப்பது? சாளரம், பொத்தான், எழுத்துப் பெட்டி ஆகியவற்றை நாமே வரையாமல் ஆயத்தமாகத் தருவதே கருவித்தொகுப்பு. எலெக்ட்ரான் என்பார் சிலர். க்யூடி என்பார் சிலர். டிகின்டர் என்றால் பழம்பொருள் என்று நகைப்பாரும் உளர். நான் டிகின்டரின் பக்கம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு.

எலெக்ட்ரான் 2013-இல் ஆட்டம் என்னும் நிரல் தொகுப்பானுக்காக கிட்ஹப் நிறுவனத்தில் உருவானது. (அந்த ஆட்டம் 2022-இல் நிறுத்தப்பட்டது, எலெக்ட்ரான் நிற்கவில்லை.) வலைப்பக்கம் எழுதத் தெரிந்தவருக்கு இது எளிது என்பதை மறுக்கவில்லை. ஆயினும் ஒவ்வொரு செயலியும் குரோமியம் உலாவி முழுவதையும் தன்னோடு சுமக்கிறது. மகளிர் குழுவின் சந்தாக் கணக்கெழுத ஒரு செயலி. அதன் அளவோ 100 மெகாபைட்டுக்கு மேல்! ஒரு படி அரிசி வாங்க லாரி பிடிப்பார் உண்டோ? 4 ஜிபி நினைவகமுள்ள பழைய கணிப்பொறிக்கு இச்சுமை தகுமா?

டிகின்டரோ, ஜான் ஆஸ்டர்ஹவுட் படைத்த டிகே தொகுப்பைப் பைத்தானோடு இணைப்பது. விண்டோசில் பைத்தானை நிறுவும்போதே உடன் வந்துவிடும். கணக்கைச் சேமித்து வைக்க எஸ்கியூலைட்டும் அவ்வாறே. வகுப்பில் நாம் எழுதும் நிரல் மேலிருந்து கீழாக ஓடி முடியும். சாளர நிரலோ பயன்படுத்துவோரின் கைக்காகக் காத்திருக்கும். பொத்தானுக்குள் நீண்ட வேலையை வைத்தால் சாளரம் உறைந்துபோகும். இப்பாடம் எல்லாத் தொகுப்புக்கும் பொது. அதைக் கற்க டிகின்டரே போதும்.

என் நிபந்தனை தமிழைப் பற்றியது. செயலியைப் பயன்படுத்தப் போகிறவரின் கணிப்பொறியில் முதலில் 'கொ' என்ற ஒரே எழுத்தை இட்டுப் பாருங்கள். விண்டோசில் டிகின்டர் சரியாகவே காட்டும். லினக்சில் டிகே 8.6 எழுத்துருக்களை முறைப்படி கோத்துத் தருவதில்லை. ககரத்தின் முன் நிற்கவேண்டிய கொம்பு பின்னே போய் நிற்கும். 'கொடிமலர்' என்ற தம் பெயரே சிதைந்து தெரிந்தால் அந்த அம்மையார் அதில் எப்படி நம்பிப் பணம் வரவு வைப்பார்? அங்கே க்யூடியே தக்கது. ஹார்ஃப்பஸ் என்னும் எழுத்தமைப்பு நிரல் அதனுள் இருப்பதால் கொம்பு இடம் மாறாது. பைசைடைத் தனியே நிறுவிக்கொண்டால் பைத்தானிலேயே எழுதலாம். டிகின்டரில் இட்ட உழைப்பு வீணாகாது; கணக்குப் பகுதியைச் சாளரப் பகுதியோடு கலக்காமல் தனிக் கோப்பில் எழுதியிருந்தால் அதை அப்படியே எடுத்துச் செல்லலாம்.

எந்தத் தொகுப்பாயினும், இத்தனையாவது புள்ளியில் இவ்வளவு அகலம் என்று எண் கொடுத்துப் பொத்தானை வைக்காதீர்கள். ஆங்கிலத்தில் 'சேவ்' நான்கே எழுத்து. அதற்கு அளந்த இடத்தில் 'சேமிக்கவும்' அடங்குமா? டிகின்டரில் கிரிட் முறை உண்டு. வரிசை எது, பத்தி எது என்று மட்டும் சொன்னால் போதும். சொல்லின் நீளத்துக்கேற்பப் பத்தி தானே விரிந்துகொடுக்கும்.